முப்பத்தொரு பொய்ப் புகார்கள்

1

பத்து வாரத்தில் ஒரே கம்பெனியின் மேல் நாற்பத்து மூன்று புகார் எழுதினேன். அதில் முப்பத்தொன்று பொய். இதை ஊரில் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. போனில் சொல்ல வராது. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன்.

ஸ்வீடனுக்கு வந்து பதின்மூன்று வருடம் முடிந்த வாரத்தில்தான் இது ஆரம்பித்தது. நான் இருப்பது பூரோஸ் என்ற ஊர். மழைக்குப் பேர் போனது. கட்டட வேலை, கிடங்கு வேலை செய்பவர்கள் போடுகிற பூட்ஸும் கையுறையும் விற்கும் ஒரு கம்பெனியில், தரவுப் பிரிவில் வேலை. என் பெயர் கலா. இங்கே கொஞ்சம் நீட்டி ‘காலா’ என்று கூப்பிடுவார்கள். இவர்கள் மொழியில் அது இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் மரங்களைச் சொல்லுகிற வார்த்தை. ஒவ்வொரு நவம்பரிலும் யாராவது ஒருவர் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டி, “பார், எல்லா மரத்துக்கும் உன் பேர்” என்பார். அதற்குப் பதின்மூன்று முறை சிரித்தாகிவிட்டது.

அந்த அக்டோபரில் மேலாளர் ஹென்ரிக் என்னை அழைத்தார். பழைய டேட்டாபேஸ் திணறுகிறது, புதிதாக ஒரு டேட்டா வேர்ஹவுஸ் வாங்கப் போகிறோம், இரண்டு கம்பெனிகள் கடைசிச் சுற்றுக்கு வந்திருக்கின்றன, பத்து வாரம் இரண்டையும் ஓட்டிப் பார்த்து நம் வியாபாரத்துக்கு எது ஒத்து வரும் என்று எழுதிக் கொடு என்றார். வேகம், செலவு, பழகுவதற்குச் சுலபமா, பாதுகாப்பு, கூப்பிட்டால் உதவிக்கு வருகிறார்களா என்று ஐந்து தலைப்பு. கம்பெனிகளின் பெயரை இங்கே சொல்ல முடியாது. ஒன்றின் சின்னம் நீலம், இன்னொன்றின் சின்னம் பச்சை. அப்படியே வைத்துக்கொள்வோம்.

“நான் மட்டுமா?”

“இப்போதைக்கு நீ மட்டும். முடியுமா?”

“முடியும்” என்றேன். இந்த நாட்டில் நான் முதலில் பிழையில்லாமல் சொல்லக் கற்ற சொல் அது.

2

வேர்ஹவுஸ் என்றதும் எங்கள் ஆம்பூர்க்காரர்களுக்குத் தோல் அடுக்கிய குடோன்தான் நினைவுக்கு வரும். அதனால் என் பழைய வேலையை வைத்தே சொல்கிறேன்.

எம்.சி.ஏ. முடித்த கையோடு ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் ரூமில் மூன்று வருடம் இருந்தேன். தையல் லைனிலிருந்து ஜாப் கார்டுகள் வரும். எந்த ஆர்டர், எந்த சைஸ், எத்தனை ஜோடி, எத்தனை ரிஜெக்ட். எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். ஒரு கார்டு எங்கே இருக்கிறது என்று கேட்டால் கம்ப்யூட்டர் உடனே சொல்லிவிடும். ஆனால் சனிக்கிழமையானால் மேனேஜர் ரஹ்மான் பாய் வாசலில் வந்து நிற்பார்.

“கலாம்மா, மூணு மாசத்துல எந்த லைன்ல ரிஜெக்ஷன் ஜாஸ்தி? எந்த சைஸ்ல? கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா.”

அவர் கேட்டது ஒரே கேள்வி. அதற்கு மூன்று மாதக் கார்டு முழுவதையும் புரட்ட வேண்டும். புரட்ட ஆரம்பித்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடும், பக்கத்தில் கார்டு ஏற்றுகிற பெண்கள், “இன்னாக்கா, ஸ்க்ரீன் அப்டியே நின்னுபோச்சு” என்று கத்துவார்கள். அதனால் ஒவ்வொரு மாலையும் எல்லாக் கார்டையும் ஒரு நகல் எடுத்து, ஓரத்தில் சும்மா கிடந்த இன்னொரு கம்ப்யூட்டரில் லைன் வாரியாக, சைஸ் வாரியாகக் கூட்டி வைத்தேன். அடுத்த சனிக்கிழமை பாய் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, “டீ சாப்டு” என்றார். வேர்ஹவுஸ் என்பது அவ்வளவுதான். அன்றாட வேலைக்கு ஒரு இடம், யோசித்துக் கேட்கிற கேள்விக்குத் தனியாக இன்னொரு இடம்.

அந்த அறையில் மட்டும்தான் ஏசி. அதனால் ஆள் வந்துகொண்டே இருக்கும். கட்டிங் ஆள், பேக்கிங் ஆள், செக்யூரிட்டி என்று ஏதாவது ஒரு சாக்கோடு வந்து நிற்பார்கள். வேலை ஓடவில்லை என்று அப்போது எரிச்சல் படுவேன்.

பூரோஸில் நான் கேட்டதும் பாயின் கேள்விதான், கொஞ்சம் பெரிதாக. கடந்த ஐந்து குளிர்காலத்தில் எந்த ஊர்க் கடையில் எந்த சைஸ் பூட்ஸ் அதிகமாகத் திரும்பி வந்தது? நீலம் நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது. பச்சை பதினோரு நொடி. நீலத்தில் எல்லாம் பொத்தானை அழுத்தினால் ஆகும், பச்சையில் கட்டளைகளைக் கையால் எழுத வேண்டும், பழக நாள் ஆகும். இருந்தாலும் மூன்றாவது வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, எங்களுக்குப் பச்சைதான்.

3

எங்கள் அலுவலகத்தில் அறுபது மேஜை. திங்கள், புதன், வெள்ளி பெரும்பாலும் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்வார்கள். நான் ஐந்து நாளும் போவேன். விளக்குகள் ஆள் அசைந்தால் எரியும்படி வைத்தவை. திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை முறை அப்படி யாருமில்லாத அறையில் கையாட்டியிருப்பேன் என்று தெரியாது.

மகள் நிலா அந்த ஆகஸ்டில்தான் படிக்க வடக்கே உமியோவுக்குப் போயிருந்தாள். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். அவள் அப்பா ஏழு வருடத்துக்கு முன்பே பிரிந்து கனடா போய்விட்டார். நிலா முகவரி மாற்றியதும் வரி அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. இங்கே குடும்பப் பதிவு அவர்கள் பொறுப்பு. ‘இந்த முகவரியில் பதிவு பெற்றவர்கள்: ஒருவர். இது தவறென்றால் மூன்று வாரத்துக்குள் தெரிவிக்கவும்.’ தவறு ஒன்றும் இல்லை. கடிதத்தைக் கோப்பில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நிலா போன் செய்வாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஸ்வீடிஷில் பதில் சொல்வாள். என்னை ‘மம்மா’ என்பாள். அது இவர்கள் சொல். எங்கள் ஊர்க் காதுக்கு மாமாவைக் கூப்பிடுவது போல இருக்கும். பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

என் முதல் புகார் உண்மையானது. இங்கே எல்லாரும் தேதி சொல்ல மாட்டார்கள், வார எண் சொல்வார்கள், நாற்பத்தாறாவது வாரம் சந்திப்போம் என்று. வாரம் திங்கட்கிழமை ஆரம்பம். பச்சையில் அது ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. அதனால் ஞாயிறு விற்பனை முழுதும் தப்பான வாரத்தில் போய் விழுந்தது. பச்சைக் கம்பெனியின் உதவிப் பக்கத்தில் எழுதிப் போட்டேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அழைப்பு வந்தது. ஒரு பெண், சுத்தமான ஆங்கிலம், பர்வீன் என்று பெயர் சொன்னாள். எந்த இடத்தில் எதை மாற்ற வேண்டும் என்று ஐந்தே நிமிடத்தில் காட்டினாள். நான் மாற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் கதவு இடிக்கும் சத்தம், அதைத் தொடர்ந்து அவள் குரல்.

“இன்னாடா நீ, சும்மா சும்மா பேஜார் பண்ற! அம்மா ஃபோன் கால்ல இருக்கேன்ல? ஆயாகிட்ட போ!”

என் கை கீபோர்டில் அப்படியே நின்றது.

“நீங்க எந்த ஊரும்மா?” என்றேன்.

கதவைச் சாத்தும் சத்தம். பிறகு மெதுவாக, “சாரி மேடம். மியூட்ல போட மறந்துட்டேன். சாரி.”

“பரவால்ல. எந்த ஊரு?”

“ஆம்பூர் மேடம். உங்களுக்குத் தெரியாது. வேலூர் பக்கம்.”

“எனக்குத் தெரியாதா? நானும் ஆம்பூர்தான், சான்றோர்குப்பம்.”

“அல்லா! மெய்யாலுமா? நான் கஸ்பா மேடம்!”

“மேடம் வேணாம்.”

“சரிக்கா” என்றாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்!

வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். “இல்லக்கா, புகார உடனே மூடக் கூடாது. கால் மணி நேரம் அப்சர்வேஷன்ல வெச்சுப் பாக்கணும். ரூல்” என்றாள்.

“கால் மணி நேரம் இன்னா பண்றது?”

“பேசலாம்க்கா.”

4

பர்வீனுக்கு முப்பத்திரண்டு வயது. வாணியம்பாடியில் படித்தவள். பெங்களூரில் அந்தக் கம்பெனியில் சேர்ந்து, கொரோனாவில் ஆம்பூருக்குத் திரும்பி வந்து, அப்படியே வீட்டிலிருந்து வேலை செய்கிறாள். கணவர் சலீம் தோல் பதனிடும் டேனரியில் ஃபினிஷிங் பிரிவில். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன். எனக்குக் காலை ஒன்பது என்றால் அவளுக்குப் பகல் ஒன்றரை. சில நாள் பள்ளிவாசலில் பாங்கு சொல்வது கேட்கும், சில நாள் ரயில் போவது கேட்கும். அவள் மன்னிப்புக் கேட்டு மியூட் செய்யப் போனால் வேண்டாம் என்பேன்.

பெரிய விஷயம் எதுவும் பேசவில்லை. மழையில் பாலாற்றில் மூன்று நாள் தண்ணீர் வந்தது, ஊரே பாலத்தில் நின்று பார்த்தது என்பாள். “நானும் போனேன்க்கா. தண்ணிய பாக்க இன்னா கூட்டம்! போலீஸ் வந்து தொரத்துது.” பைபாஸில் புது மேம்பாலம் எங்கே இறங்குகிறது என்று சொல்வாள். மகன் கணக்கில் கம்மியாக வாங்கியதைச் சொல்வாள். நான் பனியைப் பற்றிச் சொல்வேன். ஒரு நாள் கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினேன். “மணி இன்னாக்கா ஆவுது அங்க? இவ்ளோ இருட்டா இருக்குது?” என்றாள்.

போன் நம்பர் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாடிக்கையாளரோடு சொந்த நம்பர் பரிமாறக் கூடாது என்பது அவள் கம்பெனி விதி. ஒருத்தரை அதற்காக அனுப்பியே விட்டார்கள் என்று சொல்லியிருந்தாள். என் பக்கமும் ஒரு காரணம் இருந்தது. நம்பர் கேட்டால், எனக்குப் பேச ஆள் இல்லை என்று வாய்விட்டுச் சொன்ன மாதிரி ஆகிவிடும். புகார் எழுதினால் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் எழுதினேன். ‘ரிப்போர்ட் மெதுவாக வருகிறது.’ வேகமாகத்தான் வந்தது. ‘பயனர் அனுமதி சரியாக இல்லை.’ சரியாகவே இருந்தது. ‘நேற்றைய தரவு வந்து சேரவில்லை.’ வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் பர்வீன் பொறுமையாகப் பார்ப்பாள், எதையாவது ஒன்றைத் தொட்டுவிட்டு, “இப்போ பாருங்க” என்பாள். “சரியாய்டுச்சு” என்பேன். பிறகு கால் மணி நேரம் எங்களுடையது.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை நிலாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வரவில்லை, தோழியின் குடும்பத்தோடு மலைக்குப் போகிறாள். கடைசியில் ஒரு இதயப் படம். அன்று மூன்று புகார் எழுதினேன்.

மூன்றாவது முறை பர்வீன் கோளாறைப் பார்க்கத் திரையைத் திறக்கவே இல்லை.

“அக்கா, இன்னிக்கு மூணாவது. சாப்டீங்களா?”

“சாப்பிட்டேன்.”

“இன்னா சாப்டீங்க?”

“ரொட்டி” என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் அன்று என்ன சமையல் என்று மட்டும் விவரமாகச் சொன்னாள்.

5

ஜனவரி முதல் வாரம் கூட்டம். ஹென்ரிக்கும் நிதிப் பிரிவின் தலைவியும் நானும். பச்சையை எடுக்கலாம் என்று என் அறிக்கை சொன்னது. வேகத்தில் அது எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று காட்டினேன். இருவரும் தலையாட்டினார்கள்.

“நன்றாக எழுதியிருக்கிறாய்” என்றார் ஹென்ரிக். “ஆனால் இது?” திரையை என் பக்கம் திருப்பினார். இரண்டே வரி. நீலத்தின் மீது புகார் ஆறு, பச்சையின் மீது நாற்பத்து மூன்று. “பத்து வாரத்தில் இத்தனை தடவை தொந்தரவு கொடுக்கிற ஒன்றை நான் எப்படி வாங்குவேன், காலா?”

உதவி என்ற தலைப்பில் நான் பச்சைக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தேன். புகார்களின் எண்ணிக்கையை யாராவது பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“அவர்களுக்கும் எழுதினேன்” என்று தொடர்ந்தார். “வருத்தம் தெரிவித்தார்கள். ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரே பொறியாளர்தான் கவனித்திருக்கிறார். அவரை நம் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவருடைய வேலையைப் பரிசீலிக்கிறார்களாம்.”

ஏதாவது சொல்ல வேண்டும். வாயில் வந்தது ஒரே வாக்கியம். ‘நான் தனிமையில் இருந்தேன்’ என்று சொன்னேன். ஸ்வீடிஷில் அதற்கு ‘ஏன்ஸம்’ என்ற சொல். தனிமையில் வாடுகிறவருக்கும் அதுதான், கூட ஆள் இல்லாமல் வேலை செய்கிறவருக்கும் அதுதான். இது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நினைவில் இல்லை.

ஹென்ரிக் முகம் சிவந்தது. “நீ சொல்வது சரி” என்றார். “இவ்வளவு பெரிய வேலைக்கு இரண்டாவது ஆள் கொடுத்திருக்க வேண்டும். தவறு என்னுடையது.” நிதிப் பிரிவின் தலைவி அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார். அடுத்த முறை இரண்டு பேர் என்றார். நீலத்தை வாங்குவதாக முடிவு செய்தார்கள்.

நான் திருத்தவில்லை. “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

6

மறுநாள் யாருமில்லாத அலுவலகத்தில் அந்த நாற்பத்து மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒவ்வொரு புகாரின் அடியிலும் அதை மூடியவர் காரணம் எழுத வேண்டும். அதை நான் ஒருமுறை கூடப் படித்ததில்லை. காரணம் எழுத ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் முதல் வரியே ‘கோளாறு எதுவும் இல்லை’ என்பதுதான். என் முப்பத்தொரு பொய்க்கும் பர்வீன் அதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஒன்றில் கூட அவள் அப்படிச் செய்யவில்லை. ‘வாடிக்கையாளர் செய்தது சரி. எங்கள் விளக்கக் குறிப்பு தெளிவாக இல்லை’ என்று முப்பத்தொரு முறை எழுதியிருந்தாள். மூன்று புகார் எழுதிய அந்தச் செவ்வாய்க்கிழமையும் மூன்று முறை அதே வரி.

கோளாறு இல்லை என்று எழுதியிருந்தால் பச்சைக்கு ஒரு குறையும் வந்திருக்காது, அவளுக்கும் வந்திருக்காது. வீணாகக் கூப்பிடுகிறவள் என்று என் பெயர் மட்டும் வெளிப்பட்டிருக்கும். அதைத்தான் அவள் மறைத்திருக்கிறாள். இரண்டாவது, மூன்றாவது புகாரிலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாற்பத்து மூன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். உண்மை பன்னிரண்டு, பொய் முப்பத்தொன்று. செவ்வாய்க்கிழமை ஹென்ரிக் வந்ததும் அவர் அறைக்குப் போய் மேஜைமேல் வைத்தேன்.

“இவை எல்லாம் நானே இட்டுக்கட்டியவை. அந்தப் பொறியாளர் மேல் ஒரு தவறும் இல்லை. பச்சையின் மேலும் இல்லை.”

அவர் தாளைப் பார்த்தார். “ஏன்?”

“அன்றைக்குச் சொன்னேனே. நீங்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டீர்கள். வேலைக்கு ஆள் போதவில்லை என்று நான் சொல்லவில்லை.” சரியான சொல்லைத் தேடினேன். “பேச ஆள் இல்லை என்று சொன்னேன். அந்தப் பெண் என் ஊர்.”

இருவரும் அசையாமல் இருந்தோம். விளக்கு அணைந்தது. அவர் கையைத் தூக்கி ஆட்டினார்.

“என்னிடம் சொல்லியிருக்கலாமே, காலா.”

“எந்தக் கிழமை?” என்று கேட்டேன். கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே அவர் எந்தக் கிழமை இருப்பார் என்று எனக்குத் தெரியாது.

அவர் தாளை மடித்தார், பிறகு பிரித்தார். “இதை எழுத்தில் தர முடியுமா?” என்றார்.

“முடியும்” என்றேன்.

7

என் கோப்பில் ஓர் எச்சரிக்கை சேர்ந்தது. அது நியாயம்தான். கம்பெனியின் சுகாதாரப் பிரிவில் ஒரு பெண்ணிடம் மூன்று முறை பேச அனுப்பினார்கள். அவரும் படிவம் ஒன்றை நிரப்பச் சொன்னார். வேறொரு ஊர்க் கிளையிலிருந்து ஒருவர் வந்து ஒப்பீட்டைப் புதிதாகச் செய்தார். அவருக்குப் பச்சையின் மேல் ஒன்பது புகார். பச்சையையே வாங்கினார்கள். இப்போது தினமும் காலையில் எல்லாக் கடைகளுக்கும் அதிலிருந்துதான் அறிக்கை போகிறது. அதில் எனக்கு வேலை இல்லை. நான் பழைய டேட்டாபேஸுக்கே திரும்பி அதைக் காலி செய்கிற வேலையில் இருக்கிறேன்.

தவறு எங்கள் ஊழியருடையது என்று ஹென்ரிக் பச்சைக்காரர்களுக்கு எழுதினார். எழுதியதை எனக்கும் காட்டினார். அவர்கள் இரண்டு வரியில் நன்றி சொன்னார்கள். பர்வீனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “ஏம்மா என்கிட்ட சொல்லல?” என்று தமிழில் கேட்டாள். சில வாரம் புதன்கிழமையும் போன் செய்தாள். பரீட்சை வந்ததும் அது நின்றுவிட்டது. நானும் கேட்கவில்லை.

ஏப்ரலில் ஒரு செய்தி வந்தது. ‘அக்கா, நான் பர்வீன். அந்தக் கம்பெனியை விட்டுட்டேன். இப்ப பேசலாம். இது என் நம்பர்.’ வேலை தேடுகிறவர்கள் பெயர் பதிகிற ஒரு தளத்தில் என்னைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன்.

“நல்லாருக்கியாம்மா?”

“இருக்கேன்க்கா. நீங்க?”

“இருக்கேன். பையன்?”

“வெளையாடப் போய்ட்டான்.”

“என்னாலதானே வேல போச்சு?”

“போவலக்கா. வேற அக்கவுண்ட்ல போட்டாங்க, ராத்திரி ஷிப்ட்டு. ஒத்துவரல. நானாத்தான் விட்டேன். இப்ப வேற எடம் கெடச்சிருக்குது, வீட்லேந்தே.”

“கோளாறு இல்லன்னு எழுதியிருக்கலாம்ல நீ?”

“எழுதியிருக்கலாம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. மழை உண்டா என்று கேட்டேன். ஏப்ரலில் ஏது மழை என்றாள். அங்கே பனி போய்டுச்சா என்று கேட்டாள். போய்விட்டது என்றேன். அவள் வீட்டு ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. இந்த நாளுக்காக மூன்று மாதம் மனதுக்குள் எவ்வளவோ பேசி வைத்திருந்தேன், வந்தது மழையும் பனியும்தான். மணியைப் பார்த்தேன். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. சரிம்மா, வெச்சுடட்டுமா என்று சொல்ல வாயெடுத்தேன்.

“அக்கா” என்றாள்.

“ம்.”

“புது எடத்துல ஒரு டவுட்டுக்கா. ரெண்டு டேட்டா டேபிள சேக்கறப்ப ஒரே வரி ரெண்டு ரெண்டு தடவ வருது. இன்னா பண்றதுன்னே தெரியல.”

படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கிற விஷயம் அது. நாற்காலியை ஜன்னல் ஓரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “மொதல்ல அந்த ரெண்டு டேபிள்லயும் எது மறுபடி வராத நம்பர்னு பாரு” என்று ஆரம்பித்தேன். அவள் ம், ம் என்று கேட்டாள். நடுவில் இரண்டு முறை புரியாத மாதிரி கேள்வி கேட்டாள். அவசரப்படாமல் முதலிலிருந்து சொன்னேன்.